வாட்ஸ்அப்புக்கு ரூ.213 கோடி அபராதம்: ப்ரைவசி விவகாரத்தில் போட்டி ஆணையத்துக்கு என்ன வேலை?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர்களுக்கு ஒரு அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கலாம். புது ப்ரைவசி பாலிசியை ஏற்றுக்கொள்ள வேண்டும், பிப்ரவரி 8 வரை டைம். எதிர்ப்பு கிளம்பியதும் கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. பலர் படிக்காமலேயே ஓகே தட்டினார்கள். சிலர் சிக்னல், டெலிகிராம் பக்கம் போய்ப் பார்த்தார்கள். ஆனால் குடும்ப குரூப், ஸ்கூல் குரூப், ஆபீஸ் குரூப் எல்லாம் இங்கேதானே இருக்கிறது?

வழக்கின் மையமே அந்தக் கேள்விதான்.

2016-ல் பாலிசி மாறியபோது, விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்குடன் தகவல் பகிர்வதை ஏற்கெனவே இருந்த பயனர்கள் மறுக்க 30 நாள் வாய்ப்பு இருந்தது. 2021 பாலிசியில் அப்படி எதுவும் இல்லை. ஏற்றுக்கொள், இல்லையென்றால் கிளம்பு என்ற கதை. 2021 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு உத்தரவிட்டது. அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போயும் நிறுவனத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் சாட்டை யாரோ படிக்கிறார்கள் என்பது இங்கே புகார் இல்லை. மெசேஜ்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டவை. போன் நம்பர், போன் விவரம், ஐபி முகவரி, பிசினஸ் அக்கவுன்ட்களுடன் எப்படிப் பேசுகிறோம் போன்ற தகவல்கள்தான் பிரச்சனை.

காசே வாங்காத ஆப்மீது போட்டிச் சட்டமா?

விலை இல்லாத சேவையில் தரத்தை வைத்துதான் போட்டி. பயனரின் தகவலை எவ்வளவு காப்பாற்றுகிறார்கள் என்பதும் அந்தத் தரத்தில் சேரும். ஆதிக்கத்தில் இருப்பவர் நியாயமற்ற நிபந்தனை போட்டால், போட்டிச் சட்டம் 2002-ன் 4-வது பிரிவு பாயும். அப்படித்தான் 2024 நவம்பர் 18-ல் மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி அபராதமும், விளம்பரத்துக்காகத் தகவல் பகிர 5 ஆண்டு தடையும் விதிக்கப்பட்டது.

மேல்முறையீட்டில் 2025 நவம்பர் 4-ல் என்சிஎல்ஏடி தீர்ப்பாயம் பாதியை வைத்துப் பாதியை எடுத்தது. நியாயமற்ற நிபந்தனை என்ற முடிவும் அபராதமும் நின்றன. மெசேஜிங் பலத்தை வைத்து விளம்பரச் சந்தையைப் பாதுகாத்தது என்ற முடிவும், 5 ஆண்டு தடையும் ரத்து. வழக்கு இப்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

வக்கீல்கள் கவனிப்பது அபராதத் தொகையை அல்ல, அதிகார எல்லையை. 'ப்ரைவசிக்குத் தனிச் சட்டம் வருகிறது, ஆணையம் ஏன் தலையிட வேண்டும்?' என்பது மெட்டா தரப்பின் முக்கிய வாதம். இரண்டு சட்டங்களும் வேறு வேறு வேலை செய்கின்றன என்று அது நிராகரிக்கப்பட்டது. ஜெர்மனியில் ஃபேஸ்புக்மீது போட்டி அமைப்பு 2019-ல் எடுத்த நடவடிக்கையிலும் இதே சண்டைதான். போட்டி அமைப்பு தகவல் பாதுகாப்பு மீறலையும் கணக்கில் எடுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜூலையில் சொன்னது.

பயனருக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் இரண்டு சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குத்தான். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று அதில் ஏற்பாடு இல்லை. போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவிலோ, ஆணையத்தின் முடிவை அடிப்படையாக வைத்து என்சிஎல்ஏடி-யில் இழப்பீடு கேட்டு மனு போட முடியும். எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு போன் நம்பருக்கு என்ன விலை போடுவது?

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பெறுவது உள்ளிட்ட முக்கியக் கடமைகளுக்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே வரை.