நம்ம கோயில் கூரையின் கதை: அத்தாப்பிலிருந்து ஸ்குரூ வரை



போன வெள்ளிக்கிழமை மழையில் அன்னதானப் பந்திக்கு நடுவுல தண்ணி சொட்டினது எல்லாருக்கும் தெரியும். வாளி வெச்சு சமாளிச்சோம். அப்போ ஒரு அம்மா கேட்டாங்க: "புதுக்கூரை போட்டு நாலு வருஷம்கூட ஆகல, நாங்க கொடுத்த காசெல்லாம் எங்கேப்பா போச்சு?" நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கணும்.

இந்த மண்ணில் நம்ம ஆளுங்க கட்டின முதல் கோயில்களுக்கு அத்தாப்புதான் கூரை. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை 1827-ல் நாராயண பிள்ளை மரத்தாலும் அத்தாப்பாலும்தான் அமைத்தார். கோலாலம்பூரில் 1873-ல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய மகா மாரியம்மன் கோயிலும் முதலில் அத்தாப்புக் குடில்தான்; 1887-ல்தான் செங்கல் கட்டடம் வந்தது. அத்தாப்பு குளிர்ச்சி. ஆனா சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், நெருப்புன்னா ஒரு நொடி. 1881-ல் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்த பிறகுதான் செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டணும்னு ஆட்சியாளர்கள் கட்டாயப்படுத்தினாங்க.

சிங்கப்பூர் கோயில் அமைந்து இரண்டே வருஷத்தில், 1829-ல், லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்த ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற பொறியாளர் இரும்புத் தகட்டை அலை அலையா வளைக்கும் முறைக்கு காப்புரிமை வாங்கினார். மெல்லிய தகடுதான், ஆனா வளைச்சா பலம் வந்திடும். துரு மட்டும் பிரச்சினை. 1837-ல் பிரான்சில் சோரல் என்பவர் இரும்புக்கு துத்தநாகம் பூசும் முறைக்கு காப்புரிமை எடுத்தார். அந்தத் துத்தநாகம்தான் ஜிங்க். பூச்சின் பேரே தகட்டுக்கும் பேராகி, நம்ம தோட்டத்து லயத்துக்கும் கோயிலுக்கும் ஜிங்க் கூரை வந்தது. இரும்புக்கு முன்னாடி ஜிங்க் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாத்தும். இதுவும் ஒரு தொண்டுதான்.

நம்ம கோயிலிலும் அதே கதைதான். தாத்தாமார் காலத்தில் அத்தாப்பு. அப்புறம் தோட்டத்து ஜனங்க சம்பளத்தில் பிடிச்சுப் போட்ட ஜிங்க், மரச்சட்டத்தில் ஆணி அடிச்சது. ஆணித் தலைக்குக் கீழே மெத்தென்ற ஈய வாஷர் இருக்கும், அதுதான் தண்ணியைத் தடுக்கும். ஆனா 20 அடித் தகடு 40 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி சுருங்கும். தினமும் இப்படி இழுத்து இழுத்து ஆணி மெல்ல மேலே எழும்பிடும். வருஷத்துக்கு ஒரு தடவை எங்க அப்பாமார் சுத்தியலோட ஏறி அடிச்சு இறக்கியது எங்களுக்கு நினைவிருக்கு. அந்தக் கூரை ஒழுகாம இருந்ததுக்குக் காரணம் தகடு இல்லீங்க, அந்த சுத்தியல்தான்.

இப்போ இருப்பது மூணாவது கூரை. தானே துளை போட்டு இறங்கும் ஸ்குரூ, அதுக்குக் கீழே இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வாஷர். நம்ம ஆளுங்க சீவின பால்மரத்து ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிச்சிடும். இந்த ரப்பர் வெயில் தாங்கும். தகடும் மாறிடுச்சு. 1972-லிருந்து விற்பனைக்கு வந்த பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் ஜிங்க். அதுக்கு ஈயம் ஆகாது, பழைய ஈயத்தலை ஆணியை இதில் அடிக்கவே கூடாது.

அப்புறம் ஏன் ஒழுகிச்சு? சனிக்கிழமை காலையில் பாதுகாப்புக் கயிறு கட்டி ஏறிப் பார்த்தோம். தகட்டில் ஒரு ஓட்டை இல்லை. எல்லாக் குறையும் ஸ்குரூவில்தான்.

முதல் குறை, சில இடத்தில் மேட்டில் போடாம பள்ளத்தில் போட்டிருக்காங்க. மழைத்தண்ணி ஓடுறதே பள்ளத்தில்தான்.

இரண்டாவது, வேகமா மெஷின் பிடிச்சு அளவுக்கு மீறி முறுக்கியதில் வாஷர் பிதுங்கி வெடிச்சுப் போச்சு. வாஷர் ஓரம் லேசாத் தெரியும் அளவுக்கு இறுக்கினா போதும். பேக்டரியில் புதுப் பையன்களுக்கு நாங்க முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதுதான்: இறுக்கம் வேற, பலம் வேற.

மூணாவது, சாய்வா இறங்கினது, கீழே இருக்கும் குறுக்கு இரும்பைப் பிடிக்காமத் தகட்டை மட்டும் துளைச்சது.

நாலாவது, துளை போட்ட இரும்புத் தூளைக் கூட்டாம விட்டது. அது துருப்பிடிச்சு பூச்சையும் கெடுத்திருக்கு.

அஞ்சாவது நம்ம தப்பு. விமானத்திலிருந்து வரும் இடிதாங்கிச் செம்புப் பட்டையை தகட்டு மேலேயே படுக்க வெச்சிருந்தோம். செம்பைத் தொட்டு வரும் தண்ணி ஜிங்க்கை அரிச்சிடும்.

வேலை செய்தவரை மட்டும் குறை சொல்லி முடிச்சிட முடியாது. கூரை போட்ட அன்னைக்கு மாலை போட்டு போட்டோ எடுத்த நாங்க, அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கல. ஒழுகின இடத்தில் எல்லாம் சிலிக்கன் பூசினோம், அவ்வளவுதான். ஒழுகும் இடம் ஒண்ணு, தண்ணி நுழையும் இடம் வேற. அந்த அம்மாவுக்கு எங்க பதில் இதுதான்: காசு கூரையில்தான் இருக்கு, கவனம்தான் இல்லாம போச்சு. மன்னிச்சிடுங்க.

புதுக்கூரை வேண்டாம், வசூலும் வேண்டாம். கெட்ட ஸ்குரூவைக் கழற்றி, அதே துளையில் ஒரு சைஸ் பருமனானதைப் புது வாஷரோடு போட்டா பிடிச்சிடும். பள்ளத்தில் இருக்கும் துளைகளுக்கு மேல அதே தகட்டில் துண்டு வெட்டி, கீழே சீலண்ட் வெச்சு மூடுவோம். செம்புப் பட்டையைத் தனித் தாங்கியில் தூக்கி வைப்போம்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்னே, வர்ற ஞாயிறு காலை 8 மணிக்கு கோத்தோங் ரோயோங். மேலே ஏற அனுபவம் உள்ளவங்க மட்டும் வாங்க. மத்தவங்களுக்குக் கீழே நிறைய வேலை இருக்கு. இனிமேல் ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முன்னாடி கூரை பார்ப்பது நம்ம வழக்கமா இருக்கட்டும். அப்பாமார் கீழே வெச்ச சுத்தியலை நாம எடுப்போம்.

அம்மன் துணை.