பாதித் தேர்தலும் வாய்ப்பூட்டுச் சட்டமும்

பிரான்சு, ஜேர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே அமைந்த சிறு தேசம் லக்சம்பேர்க். 1930களில் அதன் குடித்தொகை ஏறத்தாழ மூன்று இலட்சமே. அந்நாளில் அதன் பிரதிநிதிகள் சபை ஒரே தேர்தலில் முழுமையாகத் தெரிவு செய்யப்படுவதில்லை. அங்கத்தவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். ஆயினும் மூன்றாண்டுக்கு ஒருமுறை சபையின் ஏறக்குறையப் பாதி புதுப்பிக்கப்படும். ஒருமுறை தெற்கும் கிழக்கும் வாக்களிக்கும்; மறுமுறை மத்தியும் வடக்கும். மக்களின் மனம் விரைந்து மாறினும் சபை மெல்லவே மாறும் என்பது இம்முறையின் இயல்பு. ஆட்சியாளருக்கு அது வசதியானதே.

1934ஆம் ஆண்டுத் தேர்தலில், இரும்புச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த தெற்குப் பகுதி, செனோன் பேர்னார் என்னும் கம்யூனிஸ்டைத் தெரிந்தனுப்பிற்று. சபையின் பெரும்பான்மையோர் அவருக்கு ஆசனம் அளிக்க மறுத்துவிட்டனர். 1926 முதல் பிரதமராயிருந்த யோசேப் பெக் அத்துடன் அமையவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியையும், அரசியலமைப்புக்கு ஆபத்தானவை எனக் கருதப்படும் பிற இயக்கங்களையும் கலைப்பதற்கு ஒரு சட்டம் கொணர்ந்தார். அரசியல், சமூக ஒழுங்கின் பாதுகாப்பு என்பது அதன் பெயர். இன்று கம்யூனிஸ்டின் வாயைக் கட்டுவோர் நாளை யார் வாயைக் கட்டுவரோ என அஞ்சிய எதிரணியினர் அதற்கு இட்ட பெயரோ வாய்ப்பூட்டுச் சட்டம். மக்கள் நாவில் நிலைத்தது அப்பெயரே.

1937இல் சபை சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஆகவே சர்வசன வாக்கெடுப்புக்கு விடத் தீர்மானிக்கப்பட்டது. குறித்த நாள் ஜூன் 6. மத்தியிலும் வடக்கிலும் பாதித் தேர்தல் நடக்கவிருந்ததும் அதே நாளிலேதான்.

இங்கேதான் கணக்குப் பிசகியது. அன்று தெற்கின் தொழிலாளருக்குப் பிரதிநிதியைத் தெரியும் முறை வரவில்லை. ஆனால் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வினாவோ நாடு முழுவதற்கும் உரியது. வாக்களிப்பதும் சட்டப்படி கட்டாயம். பாதித் தேர்தல் ஒதுக்கிவைத்த மக்கள் சர்வசன வாக்கெடுப்பில் உட்புகுந்தனர். நூற்றுக்கு 50.67 வாக்குகள் சட்டத்திற்கு எதிராக விழுந்தன. மயிரிழை வித்தியாசந்தான், ஆயினும் சட்டம் கைவிடப்பட்டது. பெக் பிரதமர் பதவியைத் துறந்தார்.

நவம்பரில் அவருடைய கட்சியைச் சேர்ந்த பியர் டூபோங், தொழிலாளர் கட்சியையும் இணைத்து அரசாங்கம் அமைத்தார். வெளிநாட்டமைச்சராக அதில் பெக் தொடர்ந்தார். 1940 மே 10ஆந் திகதி ஜேர்மன் படைகள் புகுந்தன. அவ்வாண்டு தெற்கும் கிழக்கும் வாக்களிக்கவேண்டிய பாதித் தேர்தல் நடைபெறவேயில்லை. போருக்குப் பின் மீண்ட அவ்வழக்கம், 1956ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தோடு முற்றாக ஒழிந்தது. அப்போது பிரதமர் ஆசனத்தில் மறுபடியும் அமர்ந்திருந்தவர் யோசேப் பெக்.