சல்மனும் கமராவும்: ஹொக்கைடோவின் பனிக்குக் கீழே

பனிக்காலத்தில் ஜப்பானின் வடக்குக்குப் போகிற சோடிகளின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சப்போரோவில் மிசோ ரமென், ஒட்டாருவில் கடலுணவு, பியேய் குன்றுகளில் தனித்து நிற்கிற மரம், குஷிரோவில் பனிக்குள் ஆடுகிற கொக்கு. எங்கட திட்டமும் அதுதான். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குச் சாப்பாட்டில் கண், மற்றவருக்குக் கமராவில் கண். ஹொக்கைடோ இரண்டுக்கும் குறை வைக்காத தீவு.

ஆனால் இது பயணக் குறிப்பு இல்லை. அங்க சாப்பிட்ட ஒவ்வொன்றும், நாங்கள் படமெடுத்த ஒவ்வொரு இடமும் எப்படி வந்தது எண்டு தேடிப் பாத்தால், எல்லாப் பாதையும் கிட்டத்தட்ட ஒரே ஆண்டில்தான் போய் முடியுது: 1869. அந்தத் தேடலைத்தான் இங்க எழுதுறோம்.

1869க்கு முதல் ஹொக்கைடோ எண்டு ஒரு பேரே இல்லை. ஜப்பானியர் அந்தத் தீவை எஸோ எண்டு சொன்னார்கள். தெற்கு முனையில் மட்சுமாயே பிரபுவின் ஆட்சி. மற்றப்பக்கமெல்லாம் ஐனு மக்களின் ஆறுகள், காடுகள், கரையோரக் கிராமங்கள். வியாபாரிகள் மீன்பிடி நிலையங்களைக் குத்தகைக்கு எடுத்து ஐனு ஆக்களைக் கட்டாய வேலை வாங்கினார்கள். இதைக் கண்ணால் பாத்து எழுதியவர் மட்சுவுரா டகேஷிரோ. 1845க்கும் 1858க்கும் இடையில் ஆறு தரம் எஸோவைச் சுற்றி நடந்து, ஐனு வழிகாட்டிகளின் உதவியோடு ஆயிரக்கணக்கான இடப்பெயர்களைப் பதிந்தவர். புதிய மெய்ஜி அரசு தீவுக்கு ஒரு பேர் கேட்டபோது அவர் கொடுத்த பட்டியலில் இருந்துதான் ஹொக்கைடோ வந்தது. நடுவில் இருக்கிற 'கை' என்ற அசை, ஐனு ஆக்கள் தங்களைக் குறிக்கும் சொல் எண்டு ஒரு ஐனு முதியவரிடம் கேட்டறிந்ததாக அவர் எழுதி வைத்தார். அரசோ அந்த அசைக்குக் கடல் என்ற பொருளுள்ள எழுத்தைப் போட்டது. பேர் 'வடகடல் வட்டாரம்' ஆகிவிட்டது. ஐனு மக்களை நடத்துகிற விதத்தில் மனம் வெறுத்து 1870இல் மட்சுவுரா பதவியை விட்டு விலகினார்.

அதே 1869இல் கைட்டகுஷி என்ற அபிவிருத்தி ஆணையம் அமைக்கப்பட்டது. 1882 வரை அது இயங்கியது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தலைவராக இருந்த ஹொரஸ் கப்ரோன் 1871இல் ஆலோசகராக வந்தார். கோதுமை, உருளைக்கிழங்கு, பால்மாடு எல்லாம் இந்தக் காலத்துத் திட்டத்தோடு பரவினவை. சப்போரோவில் சனம் வரிசையில் நிண்டு குடிக்கிற பியரும் இந்த ஆணையம் 1876இல் தொடங்கிய வடிசாலையில் இருந்து வந்ததுதான். ஹொக்கைடோவின் 'பழமையான' ருசி எண்டு நாங்கள் நினைக்கிறதில் கனக்க, ஓர் அரச அலுவலகத்தின் கோப்பில் பிறந்தவை. மிசோ ரமென் இன்னும் இளசு: அது 1950களில் சப்போரோவில் உருவான சாப்பாடு.

சாப்பாட்டில் இந்தத் திட்டத்துக்கு முதலே அங்க இருந்தது சல்மன். ஐனு மொழியில் அதற்கு இரண்டு பேர். ஒன்று கமுய் செப், கடவுளின் மீன். மற்றது சிபே, உண்மையான உணவு. இலையுதிர் காலத்தில் கடலில் இருந்து ஆற்றுக்கு ஏறுகிற சல்மனைப் பிடித்து, காயவைத்து, புகைபோட்டு, பனிக்காலம் முழுக்க வைத்துச் சாப்பிட்டார்கள். தோலில் பனிச் சப்பாத்துத் தைத்தார்கள். மரக்கறியோடு அவித்தால் ஒஹாவ் என்ற தெளிந்த சூப். இன்று சப்போரோவின் நல்ல சாப்பாட்டுக் கடைகளில் ருயிபே எண்டு ஒண்டு தருவார்கள். உறைந்த சல்மனை மெல்லிசாய் வெட்டினது, நாக்கில் வைத்தால் பனி உருகி மீன் வரும். அந்தப் பேரும் ஐனுச் சொல்தான். 'உருகுகிற உணவு' எண்டு பொருள்.

அந்த மீனைப் பிடிக்கிற உரிமைதான் முதலில் போனது. 1877இல் இஷிகாரி ஆற்றின் வாயில் கைட்டகுஷி ஒரு ரின் மீன் தொழிற்சாலை தொடங்கியது. ஜப்பானில் ரின் மீன் தொழில் இங்கிருந்துதான் தொடங்குது. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் ஆறுகளில் சல்மன் பிடிக்கத் தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. மீன்வளம் காக்க எண்டு காரணம் சொன்னார்கள். கடலில் பெரிய வலை போடுகிற குடியேறிகளின் தொழில் நடந்தது. ஆற்றில் தன் குடும்பத்துக்கு மீன் பிடிக்கிற ஐனு ஆள் திருடனானான். மானுக்கும் இதே கதை. 1876இல் ஐனுக்களின் நச்சு அம்பு தடைசெய்யப்பட்டது. துப்பாக்கி வேட்டை பெருகின நேரத்தில், 1879இன் கடும் பனியில் மான்கள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. ஆற்றில் மீன் இல்லை, காட்டில் மான் இல்லை என்ற நிலையில் பல ஊர்களில் பட்டினி வந்தது.

பிறகு 1899இல் ஒரு 'பாதுகாப்பு'ச் சட்டம். சட்டத்தின் பேரிலேயே ஐனுக்கள் 'முன்னாள் பூர்வகுடிகள்'. சொந்த மண்ணில் இருக்கிற ஆக்களை முன்னாள் எண்டு எப்படிச் சொல்றது? குடும்பத்துக்கு அதிகபட்சம் 5 ஹெக்டேயர் அளவு நிலம், விவசாயம் செய்யவேணும், செய்யாவிட்டால் நிலம் திரும்பப் போகும். நல்ல நிலங்கள் அதற்குள் குடியேறிகளின் கைக்குப் போயிருந்தன. இந்தச் சட்டம் 1997 வரை புத்தகத்தில் இருந்தது. குடியேற்றம், அபிவிருத்தி, பாதுகாப்பு என்ற மூன்று சொல்லையும் ஒரே வரியில் பாக்கிறபோது என்ன தோன்றும் எண்டு எங்கட ஊர் ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கயானோ ஷிகேரு 1926இல் நிபுடானி என்ற ஐனுக் கிராமத்தில் பிறந்தவர். அவர் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது ஒருநாள் பொலிஸ் வீட்டுக்கு வந்தது. தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனது. குற்றம்: பிள்ளைகளுக்குச் சாப்பிடக் குடுக்க ஆற்றில் இரவில் சல்மன் பிடித்தது. பிள்ளை அழுதுகொண்டு பின்னால் ஓடியதைக் கயானோ பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். 1994இல் அவர் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் முதல் ஐனு உறுப்பினர் ஆனார். நிபுடானியில் அணை கட்டத் தன் நிலத்தை எடுத்ததற்கு எதிரான வழக்கில் அவர் முறையீட்டாளர்களில் ஒருவர். 1997 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், ஐனுக்கள் பூர்வகுடி மக்கள் எண்டும் நிலம் எடுத்தது சட்டவிரோதம் எண்டும் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அணை அதற்கு முதலே கட்டி முடிஞ்சுது. அது இன்றும் நிக்குது.

இனிக் கமராவுக்கு வருவோம். ஹொக்கைடோவில் குடியேற்றமும் புகைப்படமும் கூடவே வந்தவை. டமோட்டோ கென்ஸோ (1832–1912) ஹகொடாட்டே நகரத்துப் புகைப்படக்காரர். கடுங்குளிரில் விறைத்து ஒரு கால் வெட்டப்பட்டவர். 1871இல் கைட்டகுஷி அவரிடம் அபிவிருத்தி வேலைகளைப் படமெடுக்கச் சொன்னது. வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள், புதிய வீதிகள், பாதி கட்டின கட்டடங்கள். டோக்கியோவில் இருக்கிற அதிகாரிகளுக்கு 'வேலை நடக்குது, காசு வீண்போகேல்லை' எண்டு காட்டத்தான் அந்தப் படங்கள். அவை பிறகு நீண்டகாலம் கவனிக்கப்படாமல் கிடந்தன. 1968இல் ஜப்பானியப் புகைப்பட நூற்றாண்டுக் கண்காட்சிக்காகத் தேடியபோது அன்றைய இளம் கலைஞர்கள் அவற்றைக் கண்டு அசந்துபோனார்கள். அலங்காரம் இல்லாத, அசையாத பார்வை. எங்களுக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் அந்தப் பார்வையில் நிலம் எப்பவும் வேலைக்குக் காத்திருக்கிற வெற்றிடமாய்த்தான் தெரியும் என்பதையும் சொல்லவேணும்.

அதற்குப் பிறகு கமரா நிலத்தில் இருந்து ஆக்களுக்குத் திரும்பியது. ஷிராஒய் போன்ற ஊர்களில் ஐனு ஆக்களை மரபுடையில் நிறுத்தி எடுத்த படங்கள் போஸ்ட்காட்டாய் வித்துப்போயின. வேட்டையும் மீனும் போன பிறகு, உல்லாசப் பயணிக்கு முன்னால் நிக்கிறது ஒரு பிழைப்பானது. ஒரு பக்கம் ஆய்வாளர்களும் வந்தார்கள், படம் எடுத்தார்கள், 'அழிந்துவருகிற இனம்' எண்டு கீழே எழுதினார்கள்.

சிகப் மியேகோ (1948–2010) ஐனுத் தையல்வேலைக் கலைஞர், எழுத்தாளர். 1969இல் வந்த ஓர் ஆய்வு நூலில் அவருடைய படம் அவரைக் கேட்காமலே போடப்பட்டிருந்தது. அந்த நூலோ ஐனுக்களை மறைந்துபோகிற மக்களாய்ப் பேசியது. உயிரோடு இருக்கிற ஒரு பெண் தன் முகத்தை அப்படி ஒரு புத்தகத்தில் காண்கிறார். 1985இல் அவர் வழக்குப் போட்டார். 1988இல் மன்னிப்போடு வழக்கு சமரசமானது. ஐனு உருவப்பட உரிமை வழக்கு எண்டு இதைச் சொல்வார்கள். கமரா தூக்குகிற எல்லாரும் படிக்கவேண்டிய வழக்கு எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

நிலப்படம் மட்டும்தானே எடுக்கிறோம், அதில் யாருக்கு என்ன நட்டம் எண்டு கேட்கலாம். அதற்குப் பியேய்க்குப் போகவேணும். அந்த மென்மையான குன்றுகள் இயற்கையாய் வந்தவை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து குடியேறிகள் காட்டை வெட்டி உண்டாக்கின வயல்கள் அவை. கோதுமை, உருளைக்கிழங்கு, சீனிக்கிழங்கு எண்டு பயிரை மாத்தி மாத்திப் போடுறதால்தான் கோடையில் அந்தத் துண்டுத் துண்டான நிறங்கள். அதை உலகத்துக்குக் காட்டியவர் புகைப்படக்காரர் மயேடா ஷின்ஸோ. மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூட வளவில் 1987இல் தன் காட்சிக்கூடத்தைத் திறந்தார். 1970களின் கார் விளம்பரத்தாலும் சிகரெட் பெட்டியாலும் பேர்பெற்ற மரங்களும் அங்க உண்டு. சனம் குவிஞ்சுது. 'தத்துவ மரம்' எண்டு பேர்போன ஒரு பொப்லர் மரம் ஒரு விவசாயியின் வயலில் நின்றது. படத்துக்காக ஆக்கள் வயலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சப்பாத்து மண்ணோடு பயிர்நோய் வரும் எண்டு சொல்லியும் கேட்கேல்லை. 2016 பெப்ரவரியில் சொந்தக்காரர் மரத்தை வெட்டிவிட்டார். 2025 ஜனவரியில், இன்னொரு பேர்போன மரத்துக்குக் கிட்ட வரிசையாய் நின்ற சுமார் 40 வெண்பூர்ச்ச மரங்களும் கூட்ட நெரிசலைச் சொல்லி வெட்டப்பட்டன. படமெடுக்க வந்தவர்களாலேயே படத்தில் இருந்தது போயிற்று.

குஷிரோவின் கொக்குக் கதை கொஞ்சம் ஆறுதல். ஐனுக்கள் அதைச் சதுப்பு நிலத்தின் கடவுள் எண்டு சொன்னார்கள். மெய்ஜி காலத்து வேட்டையும் சதுப்பை வடித்து வயலாக்கினதும் சேர்ந்து அது அழிஞ்சே போச்சு எண்டு நம்பப்பட்டது. 1924இல் குஷிரோவில் ஒரு சிறு கூட்டம் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் எண்ணியபோது 33தான். அந்தக் கடுங்குளிரில் விவசாயிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சோளம் போட்டுக் காப்பாத்தினார்கள். இப்ப 1,500க்கு மேல். அதிகாலைப் பாலத்தில் முக்காலியோடு நிக்கிற எல்லாருக்கும் அந்தப் படம் கிடைக்கிறது அந்தச் சோளத்தால்தான்.

கொக்கு திரும்பிவிட்டது. சல்மன்? அதற்கு அரசு 1888இலேயே சிதோசேயில் குஞ்சு பொரிப்பகம் கட்டிவிட்டது, மீன் ஆறு ஏறுது. 1982இல் சப்போரோவில் ஐனுக்கள் முதல் சல்மனை வரவேற்கிற சடங்கை மீண்டும் தொடங்கினார்கள். 2019இல் வந்த சட்டம் அவர்களைப் பூர்வகுடிகள் எண்டு ஏற்றுக்கொண்டது. 2020இல் ஷிராஒயில் உபொபொய் என்ற தேசிய அருங்காட்சியக வளாகம் திறந்தது. அங்க ஐனு உடை பாக்கலாம், ஐனு பாட்டுக் கேட்கலாம், ஒஹாவ் குடிக்கலாம். ஆனால் அந்த ஒஹாவுக்குள் போடுகிற மீனை ஆற்றில் பிடிக்க, சடங்குக்கு எண்டு சொல்லி ஆளுநரிடம் அனுமதி வாங்கவேணும். வயித்துக்காகவும் தொழிலுக்காகவும் பிடிக்கிற உரிமை இல்லை. அதைக் கேட்டு உராஹொரோ ஊரின் ரபொரோ ஐனு நேஷன் என்ற குழு 2020இல் வழக்குப் போட்டது. 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. குழு மேன்முறையீட்டுக்குப் போனது.

இதை வாசித்துவிட்டு ஹொக்கைடோவுக்குப் போகாதேங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்லை. போங்கோ, ருயிபே சாப்பிடுங்கோ, பனியைப் படமெடுங்கோ. வயலுக்குள் இறங்காதேங்கோ, ஆக்களின் முகத்தை எடுக்க முதல் கேளுங்கோ. சப்போரோவில் இருந்து நிபுடானிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கோ. கயானோ தேடிச் சேர்த்த கத்தி, வலை, மீன்தோல் சப்பாத்தெல்லாம் அங்க ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கு. அணையும் பக்கத்திலேயே இருக்கு.