கண்டியரசும் பிஹகெத்தவும்

பழைய படைக்கலங்களைச் சேகரிப்போர் அவற்றின் வேலைப்பாட்டைப் போற்றுவர். அவை எவர் கையில், எதன்பொருட்டு இருந்தன என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. கண்டியரசுக் காலத்துப் 'பிஹகெத்த' என்னும் கத்தி இதற்குத் தக்க சான்றாகும்.

ஒருபுறம் மட்டுமே கூருடைய அதன் அலகு, தடித்த முதுகினை உடையது. அலகின் அடிப்பகுதியிலே பித்தளையும் வெள்ளியும் பதித்துக் கொடிக்கோலங்கள் அமைத்தனர். பிடி கொம்பினால் அல்லது தந்தத்தினால் ஆயது. சிறந்த கத்திகளை அரசனுக்குரிய நான்கு பட்டறைகளாகிய 'பட்டல் ஹத்தர'வைச் சார்ந்த கம்மியர் செய்தனர். அரசன் அவற்றைப் பிரதானிகளுக்கு வரிசையாக வழங்கினான்.

இவற்றுட் பலவற்றின் உறையிலே எழுத்தாணியொன்றும் உடன் செருகப்பட்டிருத்தல் ஊன்றி நோக்கற்பாலது. போர்வீரனுக்கு எழுத்தாணி எதற்கு? ஓலையில் எழுதி ஆட்சி நடாத்திய அதிகாரியின் இடையை அணிசெய்த பதவிச் சின்னமே இக்கத்தி என்பது இதனாற் புலனாகும்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானதும் பட்டறைகளை ஆதரிப்பார் இலராயினர். எஞ்சிய கத்திகள் பல ஐரோப்பியரின் சேகரிப்புகளிலே வெறும் ஆயுதங்களாக அடங்கின. அழிந்துவந்த அக்கைத்தொழின் மரபினை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலிலே பதிவுசெய்தார்.

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கவர்ந்த பொருள்களுள் ஆறனை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்கு மீளக் கையளித்தது. பீரங்கி, வாள்கள், துவக்குகள் ஆகியவற்றோடு கத்தியொன்றும் அவற்றுள் அடங்கும். பொருள் மீண்டமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும், அத்தகைய கத்திகளின் பழம் பயன் பற்றிய அறிவையும் மீட்டாலன்றி அம்மீட்பு நிறைவுறாது.