கழுவ மறுத்த கைகள்

மனிதன் உண்மையைக் கண்டால் ஏற்றுக்கொள்வான் என நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். வரலாறு கற்பிப்பதோ வேறு.

வியன்னாப் பொது வைத்தியசாலையிலே இரு இலவசப் பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவரும் மற்றதில் மருத்துவிச்சிகளும் பயின்றனர். மாணவர் பகுதியிலே பிரசவக் காய்ச்சலால் மாண்டோர் மிகப் பலர். அங்கே தம்மை அனுப்பவேண்டாமென ஏழைப் பெண்கள் மன்றாடினர்.

1847 இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் உதவி வைத்தியர் காரணத்தைக் கண்டார். பிணங்களை அறுத்த கைகளே கர்ப்பிணிகளையும் தொட்டன. குளோரீன் கலந்த நீரிற் கைகழுவுமாறு அவர் கட்டளையிட்டார். ஏப்ரிலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த மரணம், ஆகஸ்டில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

ஆயினும் மருத்துவப் பெரியோர் பலர் அதனை ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று நிலைபெறாமை ஒரு காரணம். மற்றக் காரணம் கொடியது: ஏற்றால், தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என்றும் ஏற்கவேண்டும். கீல் நகரப் பேராசிரியர் மிக்காயேலிஸ் ஏற்றார். தாம் பிரசவம் பார்த்த உறவுப் பெண்ணின் சாவுக்குத் தாமே காரணமென நொந்து, 1848 இல் தற்கொலை செய்துகொண்டார். செம்மல்வைஸின் பதவி 1849 இல் நீடிக்கப்படவில்லை. 1865 இல் மனநோய் விடுதியொன்றில் அவர் மாண்டார்.

மறுத்த வைத்தியர்கள் தம்மை நல்லவரென நம்பியவர்கள். அந்த நம்பிக்கையைக் காக்கவே மனக்கதவை அடைத்தனர். அதற்கான விலையை ஏழைத் தாய்மார் செலுத்தினர். அநீதியால் நன்மைபெறும் எவ்வகுப்பும் இவ்வாறே செய்கிறது. ஆதலால், திறந்த மனத்தைப் பற்றிப் பேசும் நாம், முதலில் நம் கைகளைப் பார்க்கக் கற்கவேண்டும்.