தாம்பூலத் தட்டில் புகையிலை உண்டா?

தாம்பூலத் தட்டு அடுக்கும்போது வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைக்கிறோம். புகையிலை வைக்கிறோமா? இல்லையே! (முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிறது வேற கதை.) ஆனா மெல்றவங்களைக் கேட்டா, "பரம்பரைப் பழக்கம்"ங்கிறாங்க. அது அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க. 1492-ல் கொலம்பஸ் அங்கே போன பிறகு, போர்ச்சுகீசியர் மூலமா இந்தியாவுக்கு வந்து வெற்றிலையோடு ஒட்டிக்கிச்சு.

தோட்டத்துல பால்மரம் வெட்டுன நம்ம பாட்டிமார் பசி தெரியாம இருக்க அதைக் கொடுப்பில் அடக்கிக்கிட்டாங்க. பாவம், யார் சொன்னா அவங்களுக்கு?

புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும்னு 1985-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மையம் சொல்லிடுச்சு. வெறும் பாக்கும் அப்படித்தான்னு 2004 அறிக்கையில் வந்தது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம்ம இந்தியர்களுக்குத்தான் அதிகம். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ ரெண்டு வாரமா ஆறலைன்னா பல் கிளினிக்கில் காட்டுங்க.