பேனை நுனிக் குண்டு

மட்டக்களப்பின் புளியந்தீவில், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிவைத்த மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் சரி, புனித மிக்கேல் கல்லூரியிலும் சரி, இன்று பிள்ளைகள் பரீட்சை எழுதுவது குமிழ்முனைப் பேனையால்தான். அதன் நுனியில் உருளும் குண்டு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பெரும்பாலும் தங்ஸ்தன் காபைட். தங்ஸ்தனில் பெரும்பங்கு சீனச் சுரங்கங்களிலிருந்தும், அதைப் பிணைக்கும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் கொங்கோவிலிருந்தும் வருகின்றன.

குண்டின் பூர்வீகம் மின்விளக்கு. விளக்கின் தங்ஸ்தன் கம்பியை இழுத்து மெல்லிதாக்க வைர அச்சு வேண்டியிருந்தது, விலை கட்டுப்படியாகவில்லை. ஜெர்மனியில் ஒஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் மாற்று வழி கண்டார். காபைட் கடினமானது, ஆனால் தனியே நின்றால் நொறுங்கும். அதன் துகள்களோடு கோபால்ட் தூளைக் கலந்து அழுத்தி, ஏறத்தாழ 1,400 பாகை செல்சியஸில் சுட்டால், உலோகம் உருகி இடுக்கெல்லாம் பரவி, ஆறியதும் துகள்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. லாஸ்லோ பிரோ குமிழ்முனைப் பேனைக்குக் காப்புரிமை பெற்றது 1938இல். பிக் நிறுவனத்தின் பேனைக்குக் காபைட் குண்டு வந்தது 1961இல்.

கடதாசி மிருதுவாகத் தெரிந்தாலும் அதற்குள் களியும் சுண்ணத்தூளும் இருக்கின்றன. 2 கிலோமீட்டர் கோடு இழுக்க அந்தக் குண்டு 6 இலட்சம் தடவைக்கு மேல் சுழல வேண்டும். முதலில் அரிபடுவது கோபால்ட். பிடி தளர்ந்தபின்தான் துகள் உதிரும். துகள் நுண்ணியதாக இருந்தால் இடைவெளி சுருங்கும், தேய்வும் குறையும். ஆனால் உலோகத்தை அளவுமீறிக் குறைத்தால் பழையபடி நொறுங்கத் தொடங்கிவிடும். இந்த அளவைப் பிடிப்பதில்தான் தொழிலின் திறமை முழுவதும் இருக்கிறது.

பேனை கெடுவது பெரும்பாலும் குண்டால் அல்ல. குண்டு அமர்ந்திருக்கும் பித்தளை அல்லது உருக்குக் குழி தேய்ந்து, குண்டு ஆட்டம் காணும்போதுதான் கொப்பியில் மை கட்டி கட்டியாக விழுகிறது. அந்தக் குழிக்கேற்ற உருக்கைச் செய்வது எளிதல்ல. ஆண்டுக்குக் கோடிகோடியாகப் பேனை செய்யும் சீனாவே அதை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அந்நாட்டின் தையுவான் உருக்காலை அதைச் சொந்தமாகச் செய்துவிட்ட செய்தி 2017 ஜனவரியில்தான் வந்தது.

மை தீர்ந்த பேனையைக் குப்பையில் போடும்போது, குண்டு இன்னும் நன்றாகவே உருளும். எனக்குப் பொறுக்காதது இதுதான். தேய்ந்த காபைட் லேத் முனைகளை வாங்கி, உருகிய துத்தநாகத்தில் இட்டுக் காபைட்டை மீண்டும் தூளாக்கும் ஆலைகள் உலகில் இருக்கின்றன. பேனைக் குண்டின் எடையோ 8 மில்லிகிராம்கூட வராது. அப்படி ஒரு கிலோ சேர்ப்பதென்றால், 1,25,000 பேனைகளுக்கு மேல் ஒவ்வொன்றாக நுனி கழற்ற வேண்டும்.